சுவரில் இரண்டு தட்டு

டெக்சாஸின் தென்கோடியிலிருந்து வடக்கு டக்கோட்டாவிலுள்ள நார்பி ஊருக்கு ஆயிரத்து ஐந்நூறு மைல். பதின்மூன்று குளிர்காலங்கள் அந்தச் சாலையில் போய்வந்தவள் மார்லிஸ் ட்வைட். ஆனால் ஒரு தடவைகூடத் தனியாகப் போனதில்லை. எழுபத்தொரு வயதில், மார்ச் மாதக் கடைசி வாரத்தில், பிக்கப் வண்டியின் பின்னால் இருபத்தாறு அடி டிரெய்லர் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு அவள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது.

மகன் கர்ட் போனில் மன்றாடிப் பார்த்தான்.

"நான் பிளேன்ல வந்து ஓட்டிட்டு வரேன்மா. இல்லன்னா அங்கயே யார்கிட்டயாவது வித்துட்டு வந்துடு."

"விக்கிறதுக்கு அது என்ன பழைய ஃபிரிட்ஜா? உங்கப்பா கடைசியா படுத்த கட்டில் அதுக்குள்ள இருக்கு. நானே கொண்டு வரேன்."

"உனக்குப் பின்னால எடுக்கவே தெரியாதே!"

"பின்னால எடுக்க வேண்டிய இடத்துக்கே போக மாட்டேன். முன்னால போயிட்டே இருக்கப் போறேன்."

நார்பி பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் சமைத்தவள் அவள். எந்தப் பிள்ளை வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதைத் திரும்பி வரும் தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் கணவன் ஓர்லின் கோதுமையும் சூரியகாந்தியும் விளைவித்தவன். பேச்சு குறைவு. முட்டிகள் இரண்டும் மக்கர் செய்யத் தொடங்கியதும் நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு இந்த டிரெய்லரை வாங்கினான். குளிர் தொடங்கும்போது தெற்கே போய், பனி உருகும்போது திரும்பி வரும் கூட்டத்தைச் சோம்பேறிக் கூட்டம் என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்தவன், முதல் குளிர்காலத்திலேயே டெக்சாஸ் டிரெய்லர் குடியிருப்பில் பாதிப் பேருடைய குழாயைச் சரிசெய்து கொடுத்திருந்தான். சொந்த டிரெய்லரில் மட்டும் எல்லாம் 'நாளைக்கு'.

நான்காம் வருடம் திரும்பி வரும்போதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருக்கக்கூடாது என்பது சட்டம். ஒற்றைத் தலைவலி வந்தால் சட்டம் யாருக்கு ஞாபகம் வரும்? மார்லிஸ் உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். கான்சாஸில் பெட்ரோல் போட நிறுத்தியபோது இறங்கிக் கழிப்பறைக்குப் போனாள். ஓர்லின் அவள் இன்னும் படுத்திருக்கிறாள் என்று நினைத்து வண்டியைக் கிளப்பிவிட்டான். ஐம்பது மைல் தள்ளி, காபி வேண்டுமா என்று கேட்கக் கதவைத் திறந்தபோது கட்டில் காலி. அவன் திரும்பி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவள் வீட்டுச் செருப்போடு, பங்க்கின் வாசலில், யாரோ இரக்கப்பட்டு வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டிருந்தாள்.

"இறங்குனா சொல்லிட்டு இறங்க மாட்டியா?" என்றான்.

"கிளம்புனா பாத்துட்டுக் கிளம்ப மாட்டியா?" என்றாள்.

அதோடு சரி. நெப்ராஸ்கா எல்லை வரை வண்டியில் பேச்சில்லை. அங்கே நிறுத்தியபோது ஓர்லினே சமாதானத்துக்கு வந்தான். "ஒவ்வொரு தடவையும் உள்ள ஏறி எட்டிப் பாக்க என் முட்டி ஒத்துக்காது. வெளிய இருந்து சுவத்துல ரெண்டு தட்டு தட்டறேன். நீ உள்ள இருந்தா ரெண்டு தட்டு திருப்பித் தட்டு. பதில் வந்தாத்தான் வண்டி நகரும்."

அன்றிலிருந்து அது அந்த வீட்டின் சட்டம். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கையால் இரண்டு தட்டு. போகப் போக அது சாப்பாட்டுக்குக் கூப்பிடும் தட்டாகவும் ஆயிற்று, சண்டை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டும் தட்டாகவும் ஆயிற்று. அப்படித் தட்டினால் 'கோபம் போயாச்சா?' என்று அர்த்தம். திருப்பித் தட்டினால் போயாச்சு.

இந்த ஜனவரி பத்தொன்பதாம் தேதி மதியம் அவர்கள் சண்டை போட்டார்கள். அடுத்த வருடம் வரவேண்டாம், இந்த டிரெய்லரை விற்றுவிடலாம், உடம்பு முடியவில்லை என்றான் ஓர்லின். வாரக்கணக்கில் டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சலித்துப்போயிருந்த மார்லிஸ், "விக்கிறதுக்குள்ள போய் ஆசை தீரப் படுத்துக்கோ," என்று எரிந்து விழுந்தாள். அவன் உள்ளே போய்ப் படுத்தான். அவள் பக்கத்து டிரெய்லரில் வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்றரை மணிக்குச் சீட்டாட்டக் கூடத்துக்குப் போகிற வழியில் அந்த ஜன்னலருகே நின்றாள். இரண்டு தட்டு தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து டுக், டுக்.

கோபம் போயாச்சு. மார்லிஸ் சீட்டாடப் போனாள். அன்றைக்கு ஜெயித்தாள் வேறு. நாலரைக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவன் விறைத்திருந்தான்.

ஆம்புலன்ஸில் வந்தவன், "படுத்த கொஞ்ச நேரத்துலயே போயிருப்பாரு போல," என்றான்.

"இல்ல. ஒன்றரைக்கு எனக்குப் பதில் சொன்னாரு," என்றாள் மார்லிஸ்.

உடலை விமானத்தில் நார்பிக்குக் கொண்டு போனார்கள். தேவாலயத்துப் போதகர் இரங்கல் பேச்சில் அந்த இரண்டு தட்டைச் சொன்னபோது சபையே அழுதது. பிறகு கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் பரிமாறும்போது கர்ட் அவளை ஒரு மூலைக்குக் கூட்டிப் போனான். நாற்பத்தைந்து வயதுக்காரன், கதவிடுக்கில் விரல் நசுங்கிய குழந்தை மாதிரி நின்றான்.

"அன்னைக்கு ஒரு மணிக்கு அப்பாவுக்குப் போன் போட்டேன்மா. எடுக்கல. உன்கூட ஏதோ சண்டை, மொறச்சுக்கிட்டு இருக்காருன்னு விட்டுட்டேன். உனக்குக்கூடப் போடல. அப்பவே எல்லாம் முடிஞ்சு போயிருந்தா? நீ ஒன்றரைக்குப் பதில் வந்துச்சுன்னு சொன்ன பாரு, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

ஜனவரியில் உறைந்து கிடக்கும் நார்பி மண்ணில் மண்வெட்டி இறங்காது. குளிர்காலத்தில் செத்தவர்களைக் கல்லறைத் தோட்டத்து ஓரத்திலிருக்கும் கல் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, மண் இளகிய பிறகுதான் புதைப்பார்கள். ஓர்லினும் அங்கே காத்திருந்தான். ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை அடக்கம் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் டிரெய்லரோடு வந்து சேர்ந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மார்லிஸ் மறுபடியும் டெக்சாஸுக்கு வந்தாள்.

கிளம்பும் காலையில் குடியிருப்பின் ஆறு கிழவர்கள் சேர்ந்து டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டிவிட்டு, ஏழு விதமாக யோசனை சொன்னார்கள். ஊர்க்காரர்களுக்குக் கொடுக்க நான்கு பை பம்பளிமாஸ் வாங்கி உள்ளே வைத்தாள். வண்டியில் ஏறுமுன் கை தானாகப் போய்ச் சுவரில் இரண்டு முறை தட்டியது. ஒன்றுமில்லை. என்ன எதிர்பார்த்தாய், பைத்தியம், என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஏறினாள்.

முதல் நாள் சுகமாகவே போயிற்று. இரண்டாம் நாள் டெக்சாஸின் வட எல்லையருகே, விச்சிட்டா ஃபால்ஸுக்குத் தெற்கே பெட்ரோல் போட நிறுத்தினாள். பங்க்கின் கழிப்பறை பூட்டியிருந்ததால் டிரெய்லருக்குள் ஏறி, தொட்டித் தண்ணீருக்கான ஸ்விட்சைப் போட்டு, அங்கேயே போய்விட்டு இறங்கினாள். கதவைச் சாத்தி, வழக்கம்போல ஜன்னலுக்குக் கீழே இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திரும்பினாள்.

டுக், டுக்.

பெட்ரோல் பங்க்கில் காற்று ஒரு காகிதக் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தது. மார்லிஸ் அப்படியே நின்றாள். பிறகு போய்க் கதவைத் திறந்தாள். பம்பளிமாஸ் வாசனை. போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. கட்டிலின் இடதுபக்கம், அவன் பக்கம், மெத்தையில் அந்தப் பள்ளம். பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. இறங்கிக் கதவைச் சாத்தி வண்டியில் ஏறினாள்.

இருபது மைல் வரை பயம். அதற்குப் பிறகு அது பயமாக இல்லை. ஓக்லஹோமாவில் நிறுத்தியபோது வேண்டுமென்றே தட்டினாள். காத்திருந்தாள். வந்தது. "சரி, போலாம்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அன்று சாயங்காலம் கர்ட் கூப்பிட்டான்.

"தனியா கஷ்டமா இருக்காம்மா?"

"தனியா எங்க? உங்கப்பா பின்னாலதானே வராரு."

"நாளைக்கே நான் கெளம்பி வரவா?"

"பேசாம உன் மாட்டுக்குத் தீவனம் போடு," என்று வைத்துவிட்டாள்.

ராத்திரியில் அந்தக் கட்டிலில் படுக்க மனம் வராமல் பிக்கப்பின் சீட்டிலேயே தூங்கினாள். கான்சாஸ் முழுக்க அவள் பேசிக்கொண்டே ஓட்டினாள். எதிர்க்காற்றைத் திட்டினாள். அவன் ஐம்பது மைல் அவளை மறந்துபோன அந்த பங்க்கைக் கடக்கும்போது, "அதோ உன் வீரச்செயல்," என்று குத்திக்காட்டினாள். அந்த ஜனவரி மதியம் எரிந்து விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு அவசியமில்லையே. அவன்தான் ஜனவரியிலேயே பதில் சொல்லிவிட்டானே. ஒரே ஒரு கேள்வி மட்டும் இடையிடையே எட்டிப் பார்த்தது. டெக்சாஸிலிருந்து கிளம்பியபோது ஏன் பதில் வரவில்லை? தூங்கியிருப்பான் என்று அதை அமுக்கினாள். செத்தவன் தூங்குவானா என்ற அடுத்த கேள்விக்கு இடம் கொடுக்காமல் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

நான்காம் நாள் மாலை நான்கு மணிக்கு நெப்ராஸ்காவில் ஒரு முகாம் திடலில் வண்டியை நிறுத்தினாள். சுற்றிலும் அறுத்த சோளக்காட்டில் ஆயிரக்கணக்கான நாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவளைத் தவிர அங்கே இருந்தது ஒரே ஒரு டிரெய்லர். மினசோட்டாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கேலன், ஜோனெல் தம்பதி. கேலன் ஆறரை அடி உயரம், அதற்கேற்ற வாய். அவள் இன்ஜினை அணைப்பதற்குள் ஒரு தட்டில், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கோடு வந்து நின்றார்.

"தனியாவா இழுத்துட்டு வரீங்க? எங்க வீட்டுக்காரி சைக்கிளையே நேரா ஓட்ட மாட்டா."

"இவரு ஓட்டுற லட்சணத்தையும் கேளுங்க," என்றாள் பின்னால் வந்த ஜோனெல். "அரிசோனால ஒரு குப்பைத் தொட்டியையே மினசோட்டா வரைக்கும் இழுத்துட்டுப் போகப் பாத்தாரு."

மார்லிஸ் சிரித்தாள். பல வாரம் கழித்து வந்த சிரிப்பு. மூவரும் அவளுடைய டிரெய்லர் ஓரத்தில் நின்று கேக் தின்றார்கள். ராத்திரி கடுங்குளிர் வருகிறது, குழாயில் தண்ணீர் இருந்தால் உறைந்து வெடித்துவிடும், வடித்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்த கேலன், பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டினார்.

"தண்ணி பம்ப அணைக்காமலா வந்தீங்க?"

"என்ன பம்பு?"

"அதோ, இப்பகூட. டுக் டுக்."

"அது பம்பு இல்ல," என்றாள் மார்லிஸ்.

அவள் சொன்ன விதத்தில் ஜோனெல் கேக்கைக் கீழே வைத்தாள். கேலன் கவனிக்கவில்லை. "பம்பு இல்லாம வேற என்ன, உள்ள பேயா இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே ஏறினார். சமையல் மேடைக்குக் கீழே ஒரு ஸ்விட்சை அழுத்தினார். "ஸ்விட்ச் விளக்கு பீஸ் போயிருக்கு. அதான் பம்பு ஓடுதா அணைஞ்சிருக்கான்னு தெரியல." அந்த விளக்கை மாற்றுகிறேன் என்று ஓர்லின் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு கேலன் கழிப்பறைக்குள் முட்டி போட்டுக் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "இங்க பாருங்க. வால்வு சொட்டு சொட்டா ஒழுகுது. தண்ணி குறைஞ்சதும் பம்பு ரெண்டு தடவ அடிச்சு ஏத்திவிடும். எங்களுதும் அப்படித்தான் இருந்துச்சு."

"இவர் வாயும் அப்படித்தான்," என்றாள் ஜோனெல், மார்லிஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு நிமிஷத்துக்கு மேல மூடியிருக்காது."

"எத்தன நாளா ஒழுகுது?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"டெக்சாஸ் உப்புத் தண்ணி வால்வுல வெள்ளையா ஓடு கட்டி நிக்குது. நேத்து இன்னைக்கு இல்ல. குளிர்காலம் பூரா ஒழுகியிருக்கும்."

ஜனவரியில் அந்த வாரம் டெக்சாஸிலும் உறைபனி எச்சரிக்கை வந்தது. பதினெட்டாம் தேதி சாயங்காலம் ஓர்லின் வெளிக்குழாயைக் கழற்றிவிட்டுத் தொட்டித் தண்ணீருக்கு மாற்றினான். பம்பைப் போட்டான். அவன் இறந்த மறுநாள் பக்கத்து டிரெய்லர்காரர் குழாயை மறுபடி மாட்டிவிட்டு பம்பை அணைத்துவிட்டுப் போனார். அதை மறுபடி போட்டது அவளேதான், விச்சிட்டா ஃபால்ஸ் பங்க்கில். இதெல்லாம் மார்லிஸுக்குத் தெரிந்ததுதான். ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கத்தான் காரணம் இல்லாமல் இருந்தது. அல்லது மனமில்லாமல் இருந்ததா?

"திரும்பப் போடுங்க," என்றாள்.

"என்னத்த?"

"அந்த ஸ்விட்ச. ஒரு தடவ."

கேலன் போட்டார். மார்லிஸ் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். எண்ணத் தொடங்கினாள். பதினேழு எண்ணும்போது வந்தது. டுக், டுக். அவள் நகரவில்லை. மறுபடி தட்டவுமில்லை. எண்ணிக்கொண்டே நின்றாள். ஐம்பது. எண்பது. நாரைகள் கூட்டமாக எழுந்து ஆற்றுப் பக்கம் போயின. நூற்றுப் பத்தில், யாரும் கேட்காமலே, டுக், டுக்.

இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் இரண்டாவது பதில் வரும்வரை நின்றதில்லை. ஜனவரியிலும் நிற்கவில்லை. பதில் கிடைத்ததும் சீட்டாடப் போய்விட்டாள்.

கேலன் பம்பை அணைத்தார். தண்ணீரை வடித்து, குழாய்களில் உறையாத இளஞ்சிவப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்தார். ஜோனெல் மட்டும் போகும்போது அவள் கையைப் பிடித்து, "யாரு?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரர்," என்றாள் மார்லிஸ்.

அடுத்த இரண்டு நாள் அவள் வண்டியில் பேசவில்லை. தெற்கு டக்கோட்டாவில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, தட்டாமல் கிளம்பப் பார்த்தாள். முடியவில்லை. இறங்கிப் போய்த் தட்டினாள். பதில் இல்லை. அந்த நிசப்தத்தை முழுதாகக் கேட்டுவிட்டு ஏறினாள். வழியெல்லாம் ஒரே கணக்குதான் மண்டைக்குள் ஓடியது. ஒன்றரைக்குக் கதவைத் திறந்து பார்த்திருந்தால்? ஆம்புலன்ஸ்காரன் சொன்னதுதான் சரி என்றால், பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இல்லை, உயிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்திருந்தால்? இதை இனி ஒருவராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது ஒன்றுதான், அது அவள் தட்டுக்கு வந்த பதில் இல்லை என்பது. அதைச் சொன்னால் கர்ட்டின் ஒரு மணி போன் மறுபடி அவன் தலையில் விழும். சொல்லாவிட்டால்? அடக்கத்தன்று போதகர் மறுபடி அந்தக் கதையைச் சொல்வார், சபை அழும், அவள் அங்கே ஒரு பம்பின் சத்தத்துக்குத் தலை குனிந்து நிற்க வேண்டும், ஓர்லினைக் குழியில் இறக்கும்போது.

ஆறாம் நாள் மதியம் நார்பி வந்து சேர்ந்தாள். வயலெங்கும் கிழிந்த துணிபோலப் பனி. கர்ட் முற்றத்துப் பனியை ஒதுக்கி, அவள் திருப்பாமல் நேராக வந்து நிற்கும்படி வழி செய்து வைத்திருந்தான். ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"சாதிச்சுட்டியேம்மா! ஊரெல்லாம் உன் பேச்சுதான். போதகர்கூட நேத்து கேட்டாரு, அந்தத் தட்டு விஷயத்த அடக்கத்தப்போ இன்னொரு தடவ சொல்லட்டுமான்னு."

"வேண்டாம்னு சொல்லிடு."

"ஏன்?"

அவள் அங்கேயே, கையுறைகூடக் கழற்றாமல், சொன்னாள். பம்பு. வால்வு. உப்பு ஓடு. நூற்றுப் பத்து எண்ணியது. "நான் பொய் சொல்லல கர்ட். எனக்குக் கேட்டுச்சு. ஆனா அது அவர் இல்ல. தட்டிட்டுப் போயிட்டேன். கதவத் திறந்து பாக்கல."

கர்ட் அவளைப் பார்க்கவில்லை. டிரெய்லர் டயரில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தான்.

"அப்போ ஒரு மணிக்கு..."

"தெரியாது. உனக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

கர்ட், "பனி வருது. டிரெய்லரக் கொட்டகைக்குள்ள எடுத்து விட்டுடறேன்," என்று சொல்லிவிட்டு, பின்னால் வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனான்.

மார்லிஸ் உள்ளே ஏறினாள். பம்பளிமாஸ் பைகளை வாசலருகே நகர்த்தினாள். படுக்கையறைக்குப் போய்ப் போர்வையை உருவினாள். இடதுபக்கத்துப் பள்ளத்தின் மேலிருந்த விரிப்பில் கை வைத்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலில் கொட்டகையின் கூரை தெரிந்தது. குளிரில் சுவர் நெறிபடும் சத்தம்.

தலைக்குப் பக்கத்தில், வெளிப்புறம், உள்ளங்கையால் இரண்டு தட்டு.

உள்ளே இருந்து கேட்கும்போது அது இவ்வளவு சத்தமாக இருக்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். தூங்குகிறவனைக்கூட எழுப்பிவிடும். அவள் கையைத் தூக்கினாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினாள்.

இன்ஜின் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்டது காலடிச் சத்தம். பனியை நசுக்கிக்கொண்டு அது டிரெய்லரைச் சுற்றி வந்தது. கதவு திறந்தது. கர்ட் படியில் நின்று தலையை உள்ளே நீட்டிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவளைத் தாண்டிக் கட்டிலின் இடதுபக்கத்தையும் ஒரு கணம் பார்த்தான்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"இறங்கும்மா. பின்னால எடுக்கணும்."